ரெக்ரியாட்டிவோ வெல்வா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளையும் நீலமுமாக நெடுக்குக் கோடு போட்ட ஒரு ஜெர்சி என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போனால் யாராவது ஒருவர் "இது எந்த டீம்?" என்று கேட்டுவிடுவார். பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று நீளும். பல வருடமாக வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது எந்த டீம்? லா லிகாவுல பார்த்த ஞாபகமே இல்லையே?

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கத்தில், வெல்வா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊர் அணிதான் ரெக்ரியாட்டிவோ. முழுப்பெயர் ரியல் கிளப் ரெக்ரியாட்டிவோ தே வெல்வா. ஊரில் எல்லாருக்கும் அது வெறும் 'ரெக்ரே'. 1889 டிசம்பர் 23 அன்று தொடங்கிய கிளப் இது. பார்சிலோனா பிறந்தது 1899இல், ரியல் மாட்ரிட் 1902இல். இன்றும் ஆடிக்கொண்டிருக்கிற ஸ்பானியக் கால்பந்துக் கிளப்புகளில் ரெக்ரேதான் மூத்தது.

ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவில் மொத்தம் ஐந்தே சீசன்கள் ஆடியிருக்கிறது. 1978–79இல் ஒன்று, 2002–03இல் ஒன்று, பிறகு 2006 முதல் 2009 வரை தொடர்ந்து மூன்று. 2009க்குப் பிறகு ஸ்பானியக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஞாபகம் இல்லாததில் ஆச்சரியமே இல்லை.

'ஹுயெல்வா'வா, 'வெல்வா'வா? எப்படிச் சொல்றது?

வெல்வா. ஸ்பானியத்தில் எழுதும்போது முன்னால் 'ஹ' எழுத்து இருக்கும், ஆனால் அதற்கு ஒலி கிடையாது. ரோமானியர் காலத்தில் ஊருக்கு ஒனுபா என்று பெயர். அதனால் ஊர்க்காரர்களை இன்றும் 'ஒனுபென்சே' என்பார்கள். செல்லப்பெயர் வேறு: 'சோக்கெரோ'. சோக்கோ என்றால் கணவாய். மாவில் புரட்டிப் பொரித்த கணவாயும், பெரிய அவரைக்கொட்டையோடு சேர்த்துக் குழம்பாக வைத்த கணவாயும் அந்த ஊரின் அடையாளம். சாப்பாட்டை வைத்தே ஊர்க்காரர்களுக்குப் பெயர் விழுந்திருக்கிறது.

மாட்ரிட், பார்சிலோனாவெல்லாம் இருக்க, ஒரு மூலையில இருக்கற ஊருக்கு எப்படி முதல்ல கால்பந்து வந்தது?

செம்புதான் காரணம். வெல்வாவுக்கு வடக்கே மலைப்பக்கம் ரியோ டின்டோ சுரங்கங்கள் இருக்கின்றன. ரோமானியர்கள், அவர்களுக்கும் முந்தியவர்கள் எல்லாம் தோண்டிய இடம் அது. 1873இல் ஸ்பானிய அரசுக்குக் கடும் பணமுடை. சுரங்கங்களை 9 கோடி பெசேத்தாவுக்கும் மேலான விலைக்கு லண்டன் முதலீட்டாளர்களின் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டது. ரியோ டின்டோ கம்பெனி பிறந்தது அப்படித்தான். மலையிலிருந்து வெல்வா துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். 1876இல் ஓதியெல் ஆற்றுக் கழிமுகத்தில் ஒரு பெரிய இரும்புப் பாலம் மாதிரியான சரக்குத் துறையும் கட்டி முடித்தார்கள். வண்டிகள் மேலே வந்து நிற்கும், தாது சரிவில் இறங்கிக் கப்பலில் விழும்.

சுரங்கத்தோடு பொறியாளர்கள், கணக்கர்கள், மருத்துவர்கள், ரயில்காரர்கள் என்று பிரிட்டிஷ்காரர்கள் கூட்டமாக வந்து குடியேறினார்கள். ஓய்வு நேரத்துக்குக் கிரிக்கெட், டென்னிஸ், பந்து எல்லாம் கூடவே வந்தன. மாட்ரிட்டுக்கு ரயிலில் வரவேண்டிய விளையாட்டு வெல்வாவுக்குக் கப்பலில் வந்துவிட்டது.

அந்த ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. டின்டோ என்றால் சாயம் ஏறியது என்று பொருள், சிவப்பு ஒயினுக்கும் அதே சொல்தான். ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் ஓடும், தேங்கிய இடத்தில் கெட்டிச் சிவப்பாகத் தெரியும். கரைக் கற்களில் மஞ்சளும் துருவும் படிந்திருக்கும். இரும்பும் அமிலமும் கலந்த தண்ணீர், மீன் வாழாது. செவ்வாய்க் கிரகத்தில் உயிர் இருக்க முடியுமா என்று ஆராய்கிறவர்கள் இந்த ஆற்றுக்கு வந்து நுண்ணுயிரிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கிளப்பை ஆரம்பிச்சது யாரு?

முன்னால் நின்றவர் வில்லியம் அலெக்ஸாண்டர் மக்கை என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1860இல் லிப்ஸ்டர் என்ற மீனவ ஊரில் பிறந்தவர், ரியோ டின்டோ கம்பெனியின் மருத்துவராக வெல்வாவுக்கு வந்தவர். உடம்புக்கு விளையாட்டு மருந்து என்று நம்பியவர். சுரங்கப் பக்கத்தில் அதற்கு முன்பே பிரிட்டிஷ்காரர்கள் பந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை விதிமுறை, நிர்வாகக்குழு, பதவி என்று ஒரு கிளப்பாகக் கட்டியெழுப்பியதுதான் 1889இல் நடந்தது.

கூட்டம் நடந்த இடம் வெல்வாவின் கொலோன் ஹோட்டல். சார்ல்ஸ் ஆடம் முதல் தலைவர். கிளப்பின் பெயர் அப்போது ஆங்கிலத்திலேயே 'வெல்வா ரெக்ரியேஷன் கிளப்'. ஆனால் அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான கிளப்பாக இல்லை. ஊரின் ஸ்பானியர்களும் முதலிலிருந்தே சேர்ந்தார்கள்.

'ரெக்ரியாட்டிவோ'ன்னா என்ன? கால்பந்துங்கற வார்த்தையே பேருல காணோமே?

பொழுதுபோக்கு, விளையாட்டு என்று பொருள். கிளப் தொடங்கியபோது பலவகை விளையாட்டுகளுக்காகத் தொடங்கப்பட்டது, கால்பந்து அதில் ஒன்று. இந்தப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே செவியா என்ற பக்கத்து நகர கிளப்போடு நடக்கும் வாதத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

முன்னால் ஒட்டியிருக்கும் 'ரியல்' என்ற சொல்லுக்கு 'அரச' என்று பொருள். ரியல் மாட்ரிட், ரியல் சொசியேதாத் மாதிரியே இதுவும் அரசர் கொடுத்த பட்டம்.

சுரங்கக் கம்பெனி தொடங்குன கிளப்னா, அது தொழிலாளிகளுக்கு எதிரான கம்பெனி இல்லையா? அதைப் போய் ஊர் எப்படிக் கொண்டாடுது?

நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்டால் எனக்குச் சந்தோஷம். கம்பெனியின் கதையில் ஒரு கறுப்பு நாள் இருக்கிறது. தாதுவைத் திறந்த வெளியில் குவித்து, விறகு வைத்து மாதக்கணக்கில் எரிப்பார்கள். அந்தக் குவியல்களுக்கு 'தெலேரா' என்று பெயர். கந்தகப் புகை கிளம்பிப் பயிரைக் கருக்கும், மூச்சை அடைக்கும். புகை மூடிய நாட்களில் வேலை நின்றுபோகும், கூலியும் குறையும். 1888 பிப்ரவரி 4 அன்று சுரங்கத் தொழிலாளிகளும் சுற்றுவட்டார விவசாயிகளும் குடும்பம் குடும்பமாக ரியோ டின்டோ ஊர்ச் சதுக்கத்தில் கூடினார்கள். ராணுவம் கூட்டத்தின் மீது சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13 பேர். ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு 100, 200 என்று போகும். அந்த வருடத்தையே அங்கே 'துப்பாக்கிச் சூட்டு வருடம்' என்றுதான் சொல்கிறார்கள்.

ரெக்ரே பிறந்தது அதற்கு இரண்டு வருடம்கூட ஆகாதபோது. அதிகாரிகள் வேலி போட்ட பேய்யா விஸ்தா குடியிருப்பில் விக்டோரியா காலத்து வீடுகளில் வாழ்ந்தார்கள், தொழிலாளிகள் புகைக்குள் வாழ்ந்தார்கள். கால்பந்து வந்த கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். ஆனால் பந்து வேலிக்குள் நிற்கவில்லை. துறைமுகப் பையன்கள், சுரங்கப் பையன்கள் எல்லாம் ஆடத் தொடங்கினார்கள். சில பத்தாண்டுகளில் கிளப் முழுக்க ஊர்க்காரர்களுடையதாகிவிட்டது. இன்று ஊர் கொண்டாடுவது தான் எடுத்துக்கொண்ட கிளப்பை. அதைக் கொடுத்த கம்பெனியை யாரும் கொண்டாடவில்லை.

ஸ்பெயின்ல முதல் கால்பந்து மேட்ச் இவங்கதான் ஆடினாங்களாமே?

பதிவாகியிருக்கும் முதல் அதிகாரபூர்வ மேட்ச் என்று சொன்னால் சரியாக இருக்கும். 1890 மார்ச் 8, செவியா நகரின் தப்லாதா குதிரைப் பந்தய மைதானம். செவியா கிளப்பின் செயலாளர் இசையாஸ் ஒயிட் வெல்வாவுக்குக் கடிதம் எழுதி, அசோசியேஷன் விதிகளின்படி ஒரு மேட்ச் ஆடலாமா என்று அழைத்தார். ரெக்ரே போனது. செவியா 2–0 என்று ஜெயித்தது. முதல் கோல் போட்டவர் பெயர் ரிட்சன்.

இரண்டு பக்கமும் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்கள்தான் ஆடினார்கள். வெல்வாவின் பதினொருவர் பட்டியலில் ஆல்காக், யேட்ஸ், பார்க்கர், ஸ்மித் என்று போகும் பெயர்களுக்கு நடுவில் கோத்தோ, துக்லோஸ் என்று இரண்டு ஸ்பானியப் பெயர்கள் வரும். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த இரண்டு பெயர்களில்தான் நிற்கும். பிரிட்டிஷ் விளையாட்டு ஸ்பானிய விளையாட்டாக மாறிய இடம் அதுதான்.

செவியாதான் பழைய கிளப்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரே? யார் சொல்றது உண்மை?

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயம். செவியா தொடங்கியது 1890 ஜனவரி 25 அன்று. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்தன்று அங்கிருந்த பிரிட்டிஷ்காரர்களும் சில ஸ்பானியர்களும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அந்தச் செய்தி ஸ்காட்லாந்தின் டண்டி நகரப் பத்திரிகை ஒன்றில் 1890 மார்ச்சில் வெளியானது. நூறு வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, பிறகு கிடைத்தது. அதுவரை செவியா தன் பிறந்த வருடத்தை 1905 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

செவியாவின் வாதம் இதுதான்: ரெக்ரே பல விளையாட்டுக்கான கிளப், கால்பந்துக்காக மட்டுமே தொடங்கிய முதல் கிளப் நாங்கள். பெயர் பற்றிய பதிலில் சொன்னதை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தில் உள்ள பலம் புரியும். ஆனால் தேதி என்று வந்தால் 1889 டிசம்பர் 1890 ஜனவரிக்கு முந்தியதுதான். ஒரு மாத வித்தியாசமாக இருக்கலாம், அதற்காக முந்தியது பிந்தியது ஆகிவிடாது. 'மூத்த கிளப்' என்ற பட்டம் ரெக்ரேயிடமே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்போ 1886ல தொடங்குன ஜிம்னாஸ்டிக் தே தரகோனா?

வருடத்தை மட்டும் பார்த்தால் அது இன்னும் பழையது. ஆனால் பெயரே சொல்வதுபோல அது உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கியது. கால்பந்துப் பிரிவு வந்தது 1914இல். ரெக்ரேயில் கால்பந்து முதல் நாளிலிருந்தே இருந்தது. மேலே சொன்ன தப்லாதா மேட்ச் கிளப் தொடங்கி மூன்று மாதத்துக்குள் நடந்தது. அதனால்தான் ஸ்பெயினில் யாரும் தரகோனாவை மூத்த கால்பந்துக் கிளப் என்று சொல்வதில்லை.

கமெண்ட்ரியில 'எல் தெகானோ'ன்னு சொல்றது இவங்களையா?

ஆமாம். தெகானோ என்றால் ஒரு குழுவில் வயதில் மூத்தவர். 'மூத்தவர்' என்று மட்டும் சொன்னாலே ஸ்பெயினில் அது ரெக்ரே. அந்த ரசிகர்களுக்கு ரெக்ரியாட்டிவிஸ்தா என்று பெயர்.

மைதானத்துக்கு 'கொலம்பினோ'ன்னு பேரு. கொலம்பஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1492 ஆகஸ்ட் 3 அன்று கொலம்பஸின் மூன்று கப்பல்கள் பாய் விரித்தது பாலோஸ் என்ற சிறு துறையிலிருந்து. வெல்வாவுக்கு ஆற்றின் எதிர்ப்பக்கம்தான் அது. அவர் தங்கி உதவி கேட்ட லா ராபிதா மடமும் அங்கேதான் இருக்கிறது. அதனால் வெல்வாவில் ஹோட்டலும் கொலம்பஸ் பெயரில், ஆகஸ்ட் திருவிழாவும் அவர் பெயரில், மைதானமும் அவர் பெயரில். கொலோன் என்பது அவருடைய ஸ்பானியப் பெயர்.

ரெக்ரேயின் முதல் சொந்த மைதானம் வெலோத்ரோமோ. கொலம்பஸ் பயணத்தின் 400ஆம் ஆண்டு விழாவையொட்டி 1892இல் திறந்தார்கள். பெயருக்கு ஏற்றபடி சைக்கிள் பந்தயத் தடமும் இருந்தது. 1957இல் கொலம்பினோ மைதானத்துக்கு மாறினார்கள். 2001இல் நுவேவோ கொலம்பினோ, அதாவது புதிய கொலம்பினோ, வந்தது. 21,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1965 முதல் கோடைக்காலத்தில் கொலம்பினோ கோப்பை என்ற நட்புமுறைப் போட்டித்தொடர் நடத்துகிறார்கள்.

இவ்வளவு பழைய கிளப், எத்தனை கோப்பை ஜெயிச்சிருக்கு?

பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதும் பலர் முகம் சுருங்கும். 1906இல் அரசர் கோப்பைத் தொடரில் ஆடியது, மொத்தமே மூன்று அணிகள், கோப்பை மாட்ரிட்டுக்குப் போனது. அதன்பிறகு பணமும் தொழிற்சாலையும் இருந்த பாஸ்க் பகுதி, பார்சிலோனா, மாட்ரிட் எல்லாம் முன்னே போய்விட்டன. லா லிகா 1929இல் தொடங்கியபோது ரெக்ரே அதில் இல்லை. முதல் டிவிஷனை எட்டிப் பார்க்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முறை கடைசி இடம், ஒரே சீசனில் கீழே.

இரண்டாம் டிவிஷன் பட்டம் 2005–06இல் கிடைத்தது. மற்றபடி 2003இல் கைக்கெட்டும் தூரம் வரை வந்தார்கள்.

2003 ஃபைனல்ல என்ன நடந்தது?

லூக்காஸ் அல்கராஸ் கோச். லா லிகாவில் 18ஆவது இடத்தில் முடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குவது உறுதியாகிவிட்ட அணி, அதே சீசனில் அரசர் கோப்பையின் ஃபைனலுக்கும் போய்விட்டது. அரையிறுதியில் ஒசாசுனாவைத் தாண்டி வந்தார்கள். ஜூன் 28, எல்சே நகரம், எதிரில் மயோர்கா. அவர்கள் முன்வரிசையில் பாந்தியானியும் 22 வயது சாமுவேல் எட்டோவும். 3–0. பாந்தியானி ஒன்று, எட்டோ இரண்டு.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒருதலைப்பட்சமான மேட்ச். ஆனால் 113 வருடக் கிளப்புக்கு அதுதான் முதல் ஃபைனல். லீக் முடிந்த ஒரு வாரத்துக்குள், ஊரைக் காலி செய்துகொண்டு ரசிகர்கள் ஸ்பெயினின் மறுகோடிக்குப் போனார்கள்.

பெர்னபேயூவுல ரியல் மாட்ரிட்டை 3–0னு ஜெயிச்சது நிஜமா?

நிஜம். 2006 டிசம்பர் 20. கோச் மார்செலினோ, முந்தைய சீசனில் அணியை இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக்கி மேலே கொண்டுவந்தவர். மாட்ரிட்டுக்கு கப்பெல்லோ கோச். அந்த சீசன் லா லிகா பட்டம் வென்றதே மாட்ரிட்தான். அவர்களின் சொந்த மைதானமான பெர்னபேயூவிலேயே சினாமா போங்கோல், உச்சே, வியெக்கேரா ஆளுக்கொரு கோல் போட்டார்கள்.

இந்த மேட்சைப் பற்றிப் பேசும்போது வெல்வாக்காரர்கள் கோல்களை முதலில் சொல்வதில்லை. இந்த மேட்ச் பார்க்க வெல்வாவிலிருந்து கிளம்பிய ரசிகர் பஸ் ஒன்று வழியில் விபத்துக்குள்ளாகி நான்கு பேர் இறந்துபோனார்கள். கிளப்பின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றியும் மிகப் பெரிய துக்கமும் ஒரே நாளில் வந்தன. அந்த 3–0ஐ வெறும் வெற்றியாக யாரும் அங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. இணையத்தில் அந்த கோல்களின் வீடியோவை எடுத்துப் போட்டுக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்த சீசனை எட்டாவது இடத்தில் முடித்தார்கள். ரெக்ரேயின் மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுதான்.

நமக்குத் தெரிஞ்ச பிளேயர் யாராவது இங்க ஆடியிருக்காங்களா?

சாந்தி கசோர்லா. ஆர்சனலில் பார்த்திருப்பீர்கள். வில்லாரியாலிலிருந்து 2006இல் ரெக்ரேக்கு வந்து, மேலே சொன்ன அந்த எட்டாமிட சீசனில் ஆடிவிட்டுத் திரும்பிப் போனார். லிவர்பூலில் இருந்த சினாமா போங்கோலும் அதே அணி. இன்னும் பின்னால் போனால், 2008 யூரோ கோப்பையை ஸ்பெயினுக்கு வாங்கிக் கொடுத்த கோச் லூயிஸ் அரகோனெஸ், இளைஞராக இருந்த 1950களின் கடைசியில் ரியல் மாட்ரிட்டிலிருந்து கடனாக வந்து இங்கே ஆடியிருக்கிறார். கோச்சுகளில் ஹோவாகின் கபரோஸ் 1998இல் அணியை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார், பிறகு செவியாவுக்குப் போய்ப் பெயர் வாங்கினார்.

அவ்வளவு நல்லா ஆடுன டீம் ஏன் இப்படிக் கீழ போச்சு?

2009இல் கடைசி இடம், இரண்டாம் டிவிஷன். லா லிகாவில் இருக்கும்போது வருகிற தொலைக்காட்சிப் பணம் கீழே போனதும் நின்றுவிடும், ஆனால் சம்பள ஒப்பந்தங்களும் கடனும் அப்படியே இருக்கும். சின்ன ஊர் அணிகள் பல இந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன. கிளப்பில் பெரும்பங்கு வைத்திருந்த நகராட்சி, 2010களின் தொடக்கத்தில் தன் பங்குகளைத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு விற்றது. அதன்பிறகு நிலைமை இன்னும் மோசமானது. வரி பாக்கி, சமூகப் பாதுகாப்பு நிதி பாக்கி, வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளப் பாக்கி. 2015இல் மூன்றாம் நிலைக்கு இறங்கியது.

அடுத்த வருடம் கிளப்பையே இழுத்து மூடிவிடுவார்களோ என்ற நிலை. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். 'ரெக்ரே டிரஸ்ட்' என்று ரசிகர் அமைப்பு கட்டி, பணம் திரட்டி, பங்கு கேட்டு நின்றார்கள்.

அரசாங்கமே கிளப்பைப் பிடுங்கிக்கிச்சுன்னு சொன்னாங்களே, அது எப்படிச் சட்டப்படி சரி?

நெடுஞ்சாலை போட நிலத்தை எடுப்பதுபோல, பொதுநலனுக்காகத் தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொள்ள ஸ்பெயினிலும் சட்டம் இருக்கிறது. அதற்குப் பொதுநலன் என்ன என்று காட்ட வேண்டும். ஒரு கால்பந்துக் கம்பெனியின் பங்குகளில் என்ன பொதுநலன்? இங்கேதான் 1889 கைகொடுத்தது. ஸ்பெயினில் கால்பந்து வேர்விட்ட இடம் என்பதால் ரெக்ரேயைப் பண்பாட்டுப் பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்யும் வேலையை அந்தலூசிய மாநில அரசு எடுத்துக்கொண்டது. பழைய கோயிலுக்கும் கோட்டைக்கும் கொடுக்கிற அதே வகைப் பாதுகாப்பு. பாரம்பரியச் சொத்து அழியும் நிலையில் இருக்கிறது, உடைமையாளர் காப்பாற்றவில்லை என்ற அடிப்படையில் வெல்வா நகராட்சி 2016இல் அந்தப் பங்குகளைக் கையகப்படுத்தியது. நகராட்சிக்குக் கிளப் திரும்பி வந்தது. நீதிமன்ற வழக்குகள் அதற்குப் பிறகும் நீண்டன.

வயதைத் தவிர உங்கள் கிளப்பில் என்ன இருக்கிறது என்று கேலியாகக் கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்த வயதுதான் கிளப்பைக் காப்பாற்றியது.

மூணாவது டிவிஷன்லேர்ந்து ஒரே சீசன்ல அஞ்சாவதுக்குப் போக முடியுமா? தப்பா போட்டிருக்காங்களா?

தப்பில்லை, 2020–21இல் அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் ஸ்பானியக் கால்பந்துச் சம்மேளனம் கீழ்டிவிஷன்களைக் கலைத்து அடுக்கியது. அதுவரை மூன்றாம் நிலை 'செகுந்தா பே', நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள். அதை மூன்றாகப் பிரித்தார்கள். முன்னணியில் வந்தவை புதிய மூன்றாம் நிலைக்கு, நடுவில் வந்தவை நான்காம் நிலைக்கு, பின்தங்கியவை ஐந்தாம் நிலைக்கு. ரெக்ரே பின்தங்கியவற்றில் மாட்டிக்கொண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2018–19இல், இதே மூன்றாம் நிலையில் தன் பிரிவில் முதலிடம் பிடித்து, பிளேஆஃபில் மேலே ஏறும் வாய்ப்பைத் தவறவிட்ட அணி அது.

ஐந்தாம் நிலையில் எதிரணிகள் பெரும்பாலும் சிற்றூர் அணிகள். சில நூறு பேர் பார்க்க ஆடிப் பழகியவர்கள் 21,000 இருக்கை மைதானத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2022இல் ஒரு நிலை, 2023இல் இன்னொரு நிலை என்று ரெக்ரே அடுத்தடுத்து மேலே வந்தது.

சரி, இப்ப எந்த டிவிஷன்?

2024–25 சீசன் முடிவில் மூன்றாம் நிலையான பிரிமேரா ஃபெதெராசியோனிலிருந்து மறுபடி இறங்கி, 2025–26ஐ நான்காம் நிலையான செகுந்தா ஃபெதெராசியோனில் தொடங்கியது. நான்காம் நிலையில் ஐந்து பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 18 அணிகள். பெயரில் 'செகுந்தா' என்று இருப்பதைப் பார்த்து இரண்டாம் டிவிஷன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருகிறது.

பெண்கள் கால்பந்துல வெல்வா ஒரு கோப்பை ஜெயிச்சதே, அது இதே கிளப்தானே?

இல்லை. 2015இல் அரசியார் கோப்பையை வென்றது ஸ்போர்ட்டிங் தே வெல்வா. ஊர் ஒன்று, கிளப் வேறு.

ரியோ டின்டோங்கற பெரிய சுரங்கக் கம்பெனி இன்னும் இருக்கே, அதுதானா? கிளப்புக்கு உதவக்கூடாதா?

அதே கம்பெனிதான். உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்று, பெயர் இந்தச் சிவப்பு ஆற்றின் பெயர். ஆனால் 1954இல் ஸ்பானியச் சுரங்கங்களின் பெரும்பங்கை ஸ்பானியர்களிடமே விற்றுவிட்டு நகர்ந்துவிட்டது. இப்போது அங்கே சுரங்கம் நடத்துவது வேறு நிறுவனம்.

ஸ்பெயினுக்குப் போனா ஒரு நாள்ல என்னவெல்லாம் பார்க்கலாம்?

செவியாவிலிருந்து வெல்வா 90 கிலோமீட்டர் சுமார், ரயிலும் பஸ்ஸும் உண்டு. முதலில் காசா கொலோன். கிளப் பிறந்த அந்த ஹோட்டல்தான், இப்போது நகராட்சியின் அரங்கம். அங்கிருந்து கழிமுகப் பக்கம் போனால் 1876இன் தாதுத் துறை நிற்கிறது. கப்பல்கள் வருவதில்லை. மாலையில் மேல்தளப் பலகைகளில் நடக்கிறார்கள், பையன்கள் தூண்டில் போடுகிறார்கள். மேட்ச் நாளாக இருந்தால் நுவேவோ கொலம்பினோவுக்கு டிக்கெட் எளிதாகக் கிடைக்கும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மலைமேல் மினாஸ் தே ரியோ டின்டோவுக்குப் போங்கள். சுரங்க அருங்காட்சியகத்தில் 'மகாராஜா பெட்டி' என்று ஒரு ரயில் பெட்டி இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் இந்தியப் பயணத்துக்காகக் கட்டினார்கள், அவர் வரவே இல்லை, பெட்டி இங்கே வந்து சேர்ந்தது. பழைய சுரங்கப் பாதையில் சுற்றுலா ரயிலும் ஓடுகிறது. ஆற்றோரமாகவே போகும். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நான் சொன்ன நிறத்தில்தான் இருக்கும்.